டாக்டர் வேடத்தில் டாக்டர்

அசல் டாக்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது டாக்டர் வேடத்துக்கு எவனோ ஒருத்தனை எதற்குத் தேட வேண்டும் என்ற ஞானோதயம் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஆரோக்கியமுத்துவுக்குத்தான் வந்தது. அவருக்கு யோசனை வருவது அபூர்வம். வந்துவிட்டால் ஊர் அதைச் சுமந்துதான் தீர வேண்டும்.

ஊர் ஆவூர்ப் பக்கம். மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, சூசையப்பர் கோயிலைச் சுற்றி நூற்றைம்பது வீடு. மே மாதத் திருவிழாவில் தேர்பவனிக்கு மறுநாள் நாடகம் போடுவது வழக்கம். எப்போதும் யாராவது ஒரு புனிதரின் சரித்திரம்தான். அட்டைக் கிரீடம் வைத்த ராஜா, வெள்ளை அங்கி போட்ட புனிதர், கடைசிக் காட்சியில் கழுத்து வெட்டு. எல்லோரும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார்கள். இந்த வருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார், "சமூகத்துக்கு உபயோகமா ஏதாச்சும் போடுங்களேன்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். கமிட்டி உடனே அரசுப் பள்ளித் தமிழாசிரியர் கண்ணனைப் பிடித்தது.

கண்ணன் நவீன நாடகக்காரர். அதற்கு அத்தாட்சியாகத் தோளில் ஒரு துணிப்பையும் முகத்தில் ஒரு தாடியும் வைத்திருந்தார். அவர் எழுதிக் கொடுத்த நாடகத்தில் ஒரு பெண் வருகிறாள். கேள்வி கேட்கிறாள் என்ற ஒரே குற்றத்துக்காக அவளுக்கு நரம்பு நோய் என்று சொல்லி, புருஷனும் டாக்டரும் சேர்ந்து மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கிறார்கள். கடைசியில் அவள் மாத்திரையைத் துப்பிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, ஜனங்களுக்குள்ளே நடந்து போய்விடுகிறாள். கமிட்டியில் ஒருவரும் இதைப் படிக்கவில்லை. மேலட்டையில் 'பெண்ணும் மருத்துவமும்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தடுப்பூசி பற்றியது என்று முடிவு கட்டிக்கொண்டார்கள்.

இதையெல்லாம் ரீட்டா தன் வீட்டு அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் லியோன் கமிட்டிச் செயலாளர். குவைத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்து, ரோட்டுமேல் சிமெண்ட் கடை வைத்திருக்கிறான். கமிட்டிக் கூட்டம் அவன் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். ஆறு ஆண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஆறு பேர் வாயிலிருந்தும் ஒரே பேச்சுத்தான் வரும், அதுவும் ஆரோக்கியமுத்து பேசி முடித்த பேச்சாக இருக்கும். ரீட்டா ஆறு டம்ளர் காப்பி ஆற்றி வைப்பாள். எந்த டம்ளர் யாருக்கு என்று பார்த்ததேயில்லை. அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் வித்தியாசமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளும் ஒரு கேள்வி கேட்டவள்தான். பங்குப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "பொது விருந்துக்குக் காய் நறுக்குறதுலேருந்து அண்டா கழுவுற வரைக்கும் பொம்பளைங்க செய்யுறோம். கமிட்டியில ஏங்க ஒரு பொம்பளகூட இல்ல?" என்று கேட்டாள். லியோன் தலையைக் குனிந்துகொண்டான். அதே மாதம்தான் அவள் அம்மா இறந்திருந்தாள். ரீட்டா இரவில் தூங்காமல் கிடந்தாள், சோறு வடிக்கும்போது அழுதாள், கல்யாணத்துக்காக விட்டுவந்த டீச்சர் வேலைக்குத் திரும்பப் போகிறேன் என்றும் சொன்னாள். கேள்வி ஒன்று, அழுகை ஒன்று, வேலை ஆசை ஒன்று. மூன்றையும் கூட்டிப் பார்த்த லியோன் அவளை டாக்டர் அரவிந்த்குமாரிடம் கூட்டிக்கொண்டு போனான்.

டாக்டர் அரவிந்த்குமாரின் கிளினிக் மெயின் ரோட்டில் இருந்தது. காய்ச்சல், கட்டி, சர்க்கரை, சாமியாட்டம் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அன்றைக்கு அவர் லியோனைப் பார்த்துத்தான் பேசினார். "எத்தனை நாளா இப்படி இருக்காங்க? கோவம் வருதா? எதிர்த்துப் பேசுறாங்களா?" ரீட்டா பக்கத்து நாற்காலியில் யாரோ வைத்துவிட்டுப் போன பையைப் போல உட்கார்ந்திருந்தாள். அவளிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நாக்கை நீட்டுங்கம்மா." நாக்கைப் பார்த்தார். அதில் எல்லாம் எழுதியிருந்தது போலிருக்கிறது. மேசை டிராயரைத் திறந்து, டப்பாவிலிருந்து வெளிர்நீல மாத்திரைகளை எண்ணி, வெள்ளைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்தார். அட்டை கிடையாது, சீட்டு கிடையாது, பேர் கிடையாது. "நரம்புக்கு. தினம் ராத்திரி ஒண்ணு. வெளியில யாருகிட்டயும் சொல்ல வேணாம், வீணாப் பேசுவாங்க" என்றார். நல்ல மனுஷன், எவ்வளவு அக்கறை என்று திரும்பி வரும்போது லியோன் மெச்சிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் தூங்கினாள். இரவில் தூங்கினாள், பகலில் நடந்துகொண்டே தூங்கினாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதற்கு வந்தோம் என்று நிற்பாள். இருபது வருடமாகப் பாடிய மாதா பாட்டில் இரண்டாவது அடி வராது. லியோனுக்கு வீடு அமைதியாக இருந்தது. தினம் இரவு டம்ளரில் தண்ணீரும் மாத்திரையும் அவன் கையாலேயே கொண்டுவருவான். அவள் விழுங்கியதும், "நாக்கை நீட்டு" என்பான். டாக்டரிடம் அவன் கற்றுக்கொண்ட வைத்தியம் அவ்வளவுதான்.

போன மாசி மாதம் அவள் சித்தி மகள் பிரின்சி வந்தாள். புதுக்கோட்டையில் நர்ஸ். ரீட்டாவின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். ரீட்டா கவரைக் காட்டினாள். பிரின்சி மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அட்டையிலேருந்து உருவி ஒத்த மாத்திரையாக் குடுத்தா இது என்னான்னு எப்படிக்கா சொல்றது? தூக்க மாத்திரை மாதிரிதான் தெரியுது. மூணு வருஷமா போடுறியா? ஒரேடியா நிறுத்திராத, ஒடம்பு தாங்காது. பாதி பாதியாக் கொறை. ஒரு நாளைக்கு எங்க ஆஸ்பத்திரிக்கு வா, பெரிய டாக்டர்ட்ட காட்டுவோம்."

ஆஸ்பத்திரிக்குப் போக லியோன் விடமாட்டான் என்று ரீட்டாவுக்குத் தெரியும். மாத்திரையைப் பாதியாக்குவதை அவளே பழகிக்கொண்டாள். வாயில் வாங்கி, கடைவாயில் நடுக்கோட்டில் வைத்துக் கடித்து, ஒரு பாதியைத் தண்ணீரோடு விழுங்கி, மறுபாதியை மேல் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிவிட்டு நாக்கை நீட்டுவாள். அவன் நாக்கைத்தானே பார்த்தான். சில வாரங்களில் பாதி காலானது, பிறகு அதுவும் இல்லாமல் ஆனது. முதலில் திரும்பி வந்தது அந்தப் பாட்டின் இரண்டாவது அடி. அவள் குழாயடியில் நின்று அதைப் பாடினாள். அழுகை வந்தது. இந்தத் தடவை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டாள்.

இனி நாடகத்துக்கு வருவோம். அந்தப் பெண் வேடத்துக்கு ஒரு காலேஜ் பெண்ணைப் போட்டிருந்தார்கள். மேடையில் கட்டிலில் படுக்க வேண்டும், டாக்டர் கையைப் பிடித்து நாடி பார்ப்பார் என்று தெரிந்ததும் அவள் அப்பன் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கமிட்டி கூடத்தில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தது. ரீட்டா காப்பித் தட்டோடு வந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தாள்.

"நான் நடிக்கிறேங்க" என்றாள்.

ஆறு டம்ளரும் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன. லியோன் சிரித்தான். பிறகு, எதற்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று போனைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"தாராளமா நடிக்கட்டும் லியோன்" என்றது போன். "என் பேஷண்ட்தானே, நான் சொன்னா அப்படியே கேப்பாங்க. எப்படி இருந்தவங்க எப்படி ஆயிட்டாங்கன்னு ஊரும் பாக்கட்டும்."

ஆரோக்கியமுத்து மகிழ்ந்துபோனார். ரீட்டா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தனக்கு இந்தக் கூட்டத்தின்மேல் இருந்தது கோபம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கோபம் இல்லை, வெறும் இளக்காரம். கோபப்படுவதற்குக்கூட ஒரு ஆள் தேவைப்படுகிறது.

ஒத்திகை மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது. டாக்டர் முதல் ஒத்திகையிலேயே கடைசிக் காட்சியைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க கண்ணன் சார் இது? பேஷண்ட் மாத்திரையைத் துப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டா, பாக்குற ஜனங்க என்ன நினைக்கும்? நாளைக்கு எவளும் மருந்து சாப்பிட மாட்டா. அவங்க மாத்திரையைப் போட்டுக்கிட்டு, தெளிஞ்சு, என்னையும் புருஷனையும் பாத்துக் கும்புடுற மாதிரி மாத்துங்க. பின்னாடி ஒரு மாதா பாட்டு."

கண்ணன் தாடியைத் தடவினார். கலை என்பதே ஒரு சமரசம்தான் என்று ரீட்டாவிடம் தனியாக வந்து விளக்கினார். பெண் விடுதலையைப் பற்றி அவர் நிறையப் படித்தவர். அதில் எந்தப் பக்கத்திலும் ஒரு பெண்ணுக்காகத் தான் ஒரு வாய் பேச வேண்டிவரும் என்று போட்டிருக்கவில்லை போலும்.

மாத்திரைக்குப் பதிலாக வெள்ளைப் பெப்பர்மிண்ட் மிட்டாய் வைத்திருந்தார்கள். அதுவும் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. "மேடையில உண்மை இருக்கணும் சார். நானே என் டிரே, கவர், மாத்திரை எல்லாம் கொண்டாந்துர்றேன்." பிறகு லியோன் பக்கம் திரும்பி, "அன்னைக்கு ராத்திரி டோஸை மேடையிலயே போட்டுக்கட்டும். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

ரீட்டா ஒரு தப்புச் செய்தாள். காகிதத்தைப் பார்க்காமல் முழு வசனத்தையும் ஒப்பித்துவிட்டாள். மூளை திரும்பி வந்த சந்தோஷத்தில், அதை மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்றாவது ஒத்திகை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் காதில், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் பேசுவது விழுந்தது.

"மாத்திரை ஒழுங்காப் போடுறாங்களா லியோன்? இந்த டோஸ்ல இவ்வளவு வசனம் மனப்பாடம் ஆகாதே. கண்ணெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. ஏமாத்துறாங்க. திருவிழா முடியட்டும், திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. மாசம் ஒரு ஊசி போட்டுருவோம். மாத்திரையை ஏமாத்தலாம், ஊசியை ஏமாத்த முடியாது."

"சரிங்க டாக்டர்" என்றான் லியோன். என்ன ஊசி என்றுகூட அவன் கேட்கவில்லை.

ஞாபகம் இருப்பதே நோய் என்று சொல்லும் ஆளிடமிருந்து எப்படித் தப்புவது என்று ரீட்டா அந்த வாரம் முழுக்க யோசித்தாள். ஓடிப் போனால் பைத்தியம் என்பார்கள். கத்தினால் அதே பேர். ஊரில் அவள் பேச்சுக்கு இரண்டு காசு மதிப்பில்லை. ஆனால் மேடையில் அவளுக்கு அரை மணி நேரப் பேச்சு இருந்தது. டாக்டரிடம் அவள் கேட்க நினைத்தது ஒரே ஒரு கேள்வி. கிளினிக்கில் கேட்டால் அவர் லியோனைப் பார்த்துப் பதில் சொல்வார். ஊர் முன்னால் கேட்டால் ஊருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக ஒன்பது மணிக்குமேல்தான் திரை தூக்குவார்கள். டாக்டர் ஒன்பது மணிக்குப் படுக்கிறவர் என்பதால் கமிட்டி இந்தத் தடவை சாயங்காலம் ஐந்து மணிக்கே தொடங்கியது. பட்டப்பகல் மாதிரி வெயில். சிவப்பு விளக்கும் நீல விளக்கும் எரிந்தது யாருக்கும் தெரியவில்லை. முகத்துப் பவுடர் வேர்வையில் வழிந்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் முன்னால் மணலில். முதல் வரிசையில் பக்கத்து வீட்டு சந்தனமேரி உட்கார்ந்திருந்தாள். பொது விருந்துக்கு வருடா வருடம் சாம்பார் அண்டா அவள் பொறுப்பு. போன வருடத்துக்கு முந்தின வருடம் அண்டாப் பக்கத்தில் நின்றபடியே கண் செருகிச் சாய்ந்ததில், கொதிக்கிற சாம்பாருக்குள் வலது கை முழங்கை வரைக்கும் போய்விட்டது. கவனமில்லாத பொம்பளை என்று கமிட்டி திட்டியது. டாக்டர் அரவிந்த்குமார்தான் கட்டுப் போட்டார்.

கடைசிக் காட்சியில் டாக்டர் மேடைக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், கையில் டிரே. அவர் இரண்டு அடி வைப்பதற்குள் ஆரோக்கியமுத்து கையில் மைக்கோடு மேடைமேல் ஏறினார். பெரிய மனுஷர் மேடையில் கால் வைத்தால் அந்த நிமிஷமே நாடகத்தை நிறுத்திப் பொன்னாடை போர்த்தாமல் இருப்பது ஊருக்கு அவமானம். கட்டிலில் நோயாளி கிடந்தாள். அவள் தலைமாட்டில் நின்று ஆரோக்கியமுத்து பத்து நிமிடம் டாக்டரின் தொண்டுள்ளத்தைப் பாராட்டினார். ஜரிகைத் துண்டைப் போர்த்தினார். கைகூப்பித் திரும்பும்போது மைக்கைக் கட்டில்மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். ரீட்டா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் கோட்டுக்குமேல் பொன்னாடையோடு வசனத்தைச் சொன்னார். "கவலைப்படாதீங்கம்மா. இந்த மாத்திரை உங்களை முழுசாக் குணப்படுத்திரும்." கவரைத் தட்டி, வெளிர்நீல மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விழுங்கிவிட்டுக் கும்பிட வேண்டும். ரீட்டா எழுந்து மேடையின் முன்விளிம்புக்கு வந்தாள். மாத்திரையை இரண்டு விரலில் பிடித்து வெயிலில் உயர்த்தினாள். மறுகையில் மைக்.

"டாக்டர், இதோட பேரு என்னங்க?"

டாக்டர் சிரித்தபடி பக்கத் திரையைப் பார்த்தார். அங்கே கண்ணன் இந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிக்கொண்டிருந்தார்.

"நரம்புக்கும்மா."

"அது எதுக்குன்னு கேட்டா சொல்ற பதிலுங்க. நான் பேரு கேட்டேன்."

"பேரு தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்னம்மா பண்ணப் போறீங்க?"

நாற்காலிப் பக்கம் சிரிப்பு எழுந்தது. நல்ல காமெடி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மூணு வருஷமாத் தெனமும் என் வயித்துக்குள்ள போகுதுங்களே. பேரு தெரியாத ஆளை வாசப்படி ஏறவே விட மாட்டோம். அதான் கேக்குறேன்."

அப்போது மணலில் சந்தனமேரி எழுந்து நின்றாள். கண்ணைச் சுருக்கி மேடையைப் பார்த்தாள்.

"ஏ ரீட்டா, அதைக் கொஞ்சம் இங்கிட்டுக் காட்டு. இது என் கேஸ் டிரபிள் மாத்திரையில்ல?"

இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதக் கவரை எடுத்துப் பிரித்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னால் போடுவதற்காகக் கொண்டுவந்தது. அதே வெளிர்நீலம், அதே நடுக்கோடு. பெட்டிக்கடை பிரகதாம்பாள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு மூட்டுவலிக்குன்னு இதைத்தானே குடுத்தாரு" என்றாள். பிள்ளை பெற்று ஆறு மாதமான ஒருத்தி, உடம்புச் சூட்டுக்கு என்று தனக்கும் இதுதான் என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி, தலைசுற்றலுக்கு என்றாள். ஒவ்வொருத்தியும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த கவர். ஒன்பது மணிச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டியிருந்தால் எந்த மாத்திரை என்ன நிறம் என்று ஒருத்திக்கும் தெரிந்திருக்காது. ரீட்டாவே இதை எதிர்பார்க்கவில்லை. தன் ஒருத்தி நரம்புக்குத்தான் இத்தனை ஏற்பாடும் என்று நினைத்திருந்தாள். நாற்காலிப் பக்கம் ஒருவன் பையிலும் அந்தக் கவர் இல்லை.

"ஒரே கலர்ல நூறு மாத்திரை இருக்கும்மா" என்றார் டாக்டர். பொன்னாடையால் நெற்றியைத் துடைத்தார்.

"அப்ப நூறு பேரையும் சொல்லிருங்க, கேட்டுக்கிறோம்." அவர் டிரேயைச் சரிசெய்தார். "சரி, பேரு வேணாங்க. நல்ல மாத்திரைதானே?" ரீட்டா நடுக்கோட்டில் நகத்தை வைத்து மாத்திரையை இரண்டாக உடைத்தாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. ஒரு பாதியை அவர் முன்னால் நீட்டினாள். "பாதி நீங்க போடுங்க, பாதி நான் போடுறேன்."

டாக்டர் ஓர் அடி பின்வாங்கினார். யோசிக்க நேரம் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். நேரம் இல்லாததால் உண்மை வந்துவிட்டது.

"நானா? நான் கார் ஓட்டிட்டுப் போகணும்மா."

அவர் பக்கம் நீட்டியிருந்த மைக் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. கோயில் கோபுரத்துக் குழாய் ஒலிபெருக்கியிலும் அது ஒருமுறை கேட்டது. சிரித்துக்கொண்டிருந்த நாற்காலிகள் அடங்கின. சந்தனமேரி தன் வலது கையை மெல்லத் தூக்கினாள். முழங்கையிலிருந்து விரல்வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது.

"நான் இதைப் போட்டுட்டு அண்டா முன்னாடி நின்னேனே, டாக்டரய்யா" என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. "கட்டுப் போடுறப்பகூட ஒரு வார்த்தை சொல்லலையே. அன்னைக்கும் இதைத்தான ஒரு கவர் குடுத்து விட்டீங்க."

ரீட்டாவுக்குத் தன் மூன்று வருடம் அந்தக் கைக்கு முன்னால் சின்னதாகிவிட்டது போல இருந்தது. டாக்டர் ஏதோ டோஸ் என்று ஆரம்பித்தார்.

"திரையைப் போடுங்கடா" என்று பக்கத்திலிருந்து ஆரோக்கியமுத்து அலறினார். திரை விழுந்தது. ஆனால் ரீட்டா விளிம்புக்கு வந்துவிட்டிருந்ததால் அது அவளுக்குப் பின்னால் விழுந்தது. திரைக்கு உள்ளே டாக்டர், கமிட்டி, கண்ணன், கட்டில். வெளியே வெயிலில் ரீட்டா. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, முன்படியில் இறங்கி, மணலில் சந்தனமேரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தன் நாடகத்தின் ஒரிஜினல் முடிவே அதுதான் என்று கண்ணன் மறுநாளிலிருந்து சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அன்று இரவு லியோன் மானத்தைப் பற்றி நெடுநேரம் பேசினான். அவனிடம் அது இவ்வளவு இருந்தது என்று ரீட்டாவுக்கு அதுவரை தெரியாது. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்தினான்.

"கெளம்பு. டாக்டர்ட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அந்த ஊசியைப் போட்டுட்டு வந்துருவோம்."

ரீட்டா வெளியூருக்குக் கட்டும் சேலையில்தான் இருந்தாள். தெருவில் சந்தனமேரி நின்றாள். பிரகதாம்பாள் நின்றாள். கைப்பிள்ளைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மொத்தம் பதினோரு பேர், கையில் ஆளுக்கொரு வெள்ளைக் கவர். எட்டு பத்துக்கு வரும் புதுக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றார்கள். மாத்திரைகளை எடுத்துக்கொண்டு வாருங்கள், என்ன மருந்து என்று பார்த்து எழுதித் தரச் சொல்கிறேன் என்று பிரின்சி ராத்திரியே ரீட்டாவிடம் போனில் சொல்லியிருந்தாள்.

லியோன் பதினோரு பேரையும் பார்த்தான். அதில் சத்தம் போடுவதற்கு ஒரு இடம் கிடைக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய், டம்ளரில் தண்ணீரும் உள்ளங்கையில் ஒரு மாத்திரையுமாக வந்தான். நேற்றைய கணக்கு அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

"இதையாச்சும் போட்டுட்டுப் போ."

ரீட்டா அவன் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடமாக இந்த முகத்துக்காகவா நாக்கை நீட்டினோம் என்று இருந்தது.

"நீங்க போட்டுக்கங்க" என்றாள். "நான் பஸ்ஸுக்குப் போகணும்."

பஸ் வந்தது. பன்னிரண்டு பேரும் ஏறி ஒரே பக்கமாக உட்கார்ந்தார்கள். ஜன்னல் காற்று சுகமாக அடித்தது. புதுக்கோட்டை போய்ச் சேரும்வரை ஒருத்தியும் கண் அசரவில்லை.